கித்தாக்காட்டுத் தேத்தண்ணி

(ஈப்போ, புந்தோங்கில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஈப்போவில் நின்றுகொண்டு டீயைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இது வெள்ளைக் காப்பி ஊர். ஹைனான் சீனர்கள் பழைய பட்டணத்தில் மார்ஜரின் விட்டு வறுத்த கொட்டை, பாக்கெட்டுக்குள் புகுந்து கப்பலேறி, ஈப்போ என்ற பெயரை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அந்தக் காப்பியைப் பற்றிப் பேச ஆளும் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது. நான் பேச வந்தது, அந்தக் கடைகளிலிருந்து நடக்கிற தூரத்தில், ஜாலான் லகாட் பக்கம் ஒருவர் இஞ்சியைத் தட்டிப் போட்டு ஆற்றிக் கொடுக்கிறாரே, அந்த டீயைப் பற்றி. அது கித்தாக்காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், என்னவாக இருந்தது, இனி நம் வீட்டு அடுப்பில் என்னவாக இருக்கலாம் என்பதைப் பற்றி.

பேரங்காடிக்குப் போனால் ‘மசாலா டீ’ என்று பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டியின்மேல் பனிமலை, ஒட்டகம், முண்டாசு கட்டிய ஒரு தாத்தா. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பாரம்பரியம் என்று ஒரு வரி. சுக்கும் ஏலமும் பழசு என்றால் ஒத்துக்கொள்ளலாம். டீ பழசு என்றால் எப்படி? நம் பாட்டனுக்குப் பாட்டன் டீயைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

அசாம் காட்டில் தேயிலைச் செடி வளர்கிறது என்று ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தெரிந்துகொண்டது 1823இல். அதற்கப்புறம் தோட்டங்கள் போட்டார்கள். விளைந்தது பெரும்பாலும் லண்டனுக்குப் போனது. உள்ளூர்க்காரர்களையும் குடிக்கவைக்க வேண்டும் என்ற எண்ணம் வியாபாரிகளுக்குப் பிந்தித்தான் வந்தது. 1903இல் ஏற்றுமதித் தேயிலைமேல் ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் பிரசாரம் செய்தார்கள். 1930களில் உலகச் சந்தையில் விலை படுத்ததும் பிரசாரம் சூடுபிடித்தது. ஊர் ஊராக வண்டி கொண்டுபோய், சந்தையில் நின்று, இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். இலவசமாகக் கிடைத்தால் நாம் எதைத்தான் வேண்டாம் என்போம்?

கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த முறை வேறு, நம்மவர்கள் போட்ட முறை வேறு. தூள் விலை அதிகம். பால், சர்க்கரை, இஞ்சி, ஏலம் சேர்த்தால் கொஞ்சம் தூளிலேயே வாய் நிறையும். கடைக்காரர்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். தூள் குறைவாக விற்கும் என்பதால் தேயிலை விற்கிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆக, இன்று பெட்டியில் பாரம்பரியம் என்று விற்கிறார்களே, அதன் தொடக்கம் ஏழைக் கடைக்காரரின் சிக்கனம். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. மன்னர்கள் குடித்தது என்று சொல்வதைவிட இது மரியாதையாகத்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கதை இன்னும் கொஞ்சம் சுவாரசியம். அங்கே வசதியுள்ள வீட்டில் காப்பி நுழைந்தது, உழைக்கிறவர்களுக்கு டீக்கடை. ஆனால் இரண்டுக்கும் முன்பே நம் சமையற்கட்டில் சுக்கு இருந்தது. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீருக்கும் பின்னாளில் காப்பி என்றே பெயர் வைத்துவிட்டோம், காப்பிக்கொட்டை ஒன்றுகூட அதில் இல்லாவிட்டாலும். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய சாமியில்லை என்பார்கள். ஈப்போக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் பக்கம் நடந்து போனால் சுக்கும் கிடைக்கும், சுப்பிரமணியரும் கிடைப்பார். அப்படி ஏற்கெனவே சுக்குத் தட்டிப் பழகிய கையிடம்தான் தேயிலை வந்து சேர்ந்தது. அந்தக் கை சும்மா இருக்குமா?

இப்போது நம் பேராக்குக்கு வருகிறேன்.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி கட்டி ஒரு கித்தா மரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1877இல் பேராக்கின் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ நட்ட கன்றுகளில் மிஞ்சியது அது. பிரேசிலிலிருந்து விதை, லண்டன் கியூ தோட்டத்தில் நாற்று, சிங்கப்பூர் வழியாக இங்கே என்று மூன்று கண்டம் சுற்றி வந்த செடி. ஆரம்பத்தில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இங்கிருந்த துரைமார்கள் காப்பித் தோட்டம்தான் வைத்திருந்தார்கள். 1890களில் காப்பி விலை விழுந்ததும் ரப்பருக்குத் தாவினார்கள். தாவியதும் ஆள் தேவைப்பட்டது. ஆள் சேர்க்கும் கங்காணிமார்கள் நம் ஊர்களுக்குப் போனார்கள். நம்மவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான், சுங்காய், சிலிம் ரீவர் என்று பிரிந்து போனார்கள். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அது நடந்தது.

பால்வெட்டு வேலை இருட்டில் தொடங்குகிற வேலை. வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால் விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் உளியும் வாளியுமாக அவரவர் நிரைக்குப் போக வேண்டும். இங்கே முன்வரிசையில் இருக்கிற அம்மாக்களில் பாதிப்பேருக்கு அந்தக் குளிர் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலை, கித்தாக்காட்டுக்குள் மூக்கு நுனி விறைக்கும். கொசு, அட்டை, ஈரச் சருகு. அந்த நேரத்தில் ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்? சூடாக ஏதாவது வேண்டும். தொண்டையில் இறங்கும்போது கொஞ்சம் உறைக்கவும் வேண்டும்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டியவர். அவர் போட்ட தேத்தண்ணிக்குப் பால் கிடையாது. தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பின்கட்டில் கித்தா விறகடுப்பு, புகைபிடித்துக் கறுத்த கெத்தல். தண்ணீர் கொதிக்கும்போதே கொல்லை இஞ்சியைத் தோலோடு நசுக்கிப் போடுவார். மழைநாளில் நாலு மிளகு. தூளைப் போட்டு உடனே இறக்கி, சீனியைக் கலந்து, பழைய சோயாச் சாறு போத்தலில் ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி அடைப்பார். போத்தலைப் பழந்துணியில் சுற்றி வாளிக்குள் வைத்துக்கொண்டு போனால், முதல் சுற்று வெட்டி முடிக்கும்வரை சூடு நிற்கும். மரத்தடியில் உட்கார்ந்து, ஒட்டுப்பால் பிசுக்குப் பிடித்த கையாலேயே அந்தப் போத்தலை எடுத்துக் குடிப்பார்கள். மசாலா டீ என்று அதை யாரும் சொல்லவில்லை. இஞ்சித் தேத்தண்ணி, அவ்வளவுதான்.

பால் எப்போது வந்தது என்று கேட்டால், சம்பளம் போட்ட வாரத்தில் வந்தது. டின் பால். இந்த நாட்டில் டின் பாலுக்கு வயசு நூறைத் தாண்டிவிட்டது. இன்றைய நெஸ்லே, 1912இல் பினாங்கில் ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி என்ற பெயரில்தான் கடை திறந்தது. ஐஸ் பெட்டி இல்லாத லயத்தில், வெப்பத்தில் கெடாத பால் என்றால் அதுதான். மாடு வைத்திருந்த வீட்டுப் பால் பெரும்பாலும் கிராணி வீட்டுக்கும் பட்டணத்துக்கும் விற்பனைக்குப் போகும். டின் பாலைச் சீனர் கடையில் பற்று எழுதி வாங்குவோம். பால் தீர்ந்த டின்னைத் தூக்கி எறிந்ததாக எனக்கு நினைவில்லை. அரிசி அளக்க அது. கோப்பிக் கடையில் கயிறு கட்டித் தேத்தண்ணி வாங்கிவர அதுவே. பிளாஸ்டிக் பை வருவதற்கு முந்திய ‘பூங்குஸ்’ அது, தம்பிகளே.

தூள் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு எப்போதும் மனத்தில் தைக்கிற விஷயம். கடையில் கிடைத்தது பெரும்பாலும் இலங்கைத் தூள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகு, அங்கே காப்பியைப் பூஞ்சாணம் தின்றுவிட, மலைநாடு முழுக்கத் தேயிலை ஆனது. அந்த இலையைக் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளியவர்கள் யார்? நம்மைப் போலவே கங்காணி கூட்டிக்கொண்டு போன தமிழர்கள். ஒரே ஊரில் அண்ணன் கண்டிச் சீமைக்கும் தம்பி மலாயாவுக்கும் போன குடும்பங்கள் உண்டு. அண்ணன் பறித்ததில் நல்ல இலை லண்டனுக்குப் போயிற்று. சல்லடையில் கடைசியாக விழுந்த தூள், தம்பியின் கெத்தலுக்கு வந்தது. தூளுக்கு ஒரு குணம்: இலையைவிடச் சீக்கிரம் சாயம் இறங்கும், கொஞ்சம் போட்டாலே கறுக்கும். கூடவே கசக்கும். அந்தக் கசப்பை இஞ்சியும் சீனியும் சரிக்கட்டின.

பக்கத்திலேயும் தேயிலை வந்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் ஏறுகிற பழைய பாதை நம் தாப்பாவிலிருந்துதான். அங்கேயும் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்களே. இன்று அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், பச்சைச் சரிவைக் கொஞ்சம் நின்று பார்த்தால் லயங்களும் கோயிலும் தெரியும்.

இனி பட்டணத்துக் கடைக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், அவைத்தலைவர் மன்னிக்கணும்.

மலாயா, சிங்கப்பூர்த் தெருக்களில் சரபத் கடை என்று ஒன்று இருந்தது. தமிழ் முஸ்லிம்களும் வடக்கத்தி முஸ்லிம்களும் நடத்தியவை. இஞ்சித் தண்ணியும் இஞ்சி டீயும் அங்கே பிரசித்தம். இன்று மாமாக் கடையில் ‘தே ஹாலியா’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது அந்தக் கடைகளின் வாரிசு. ‘தே தாரேக்’ ஆற்றுகிற கையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முழம், இரண்டு முழம் உயரத்திலிருந்து ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு. பார்க்க வித்தைதான், ஆனால் காரணம் இருக்கிறது: டின் பால் கனமானது, அடியில் தங்கும், ஆற்றினால் ஒன்றாகக் கலக்கும், சூடு குடிக்கிற பதத்துக்கு இறங்கும், மேலே நுரை கட்டும். 2024இல் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றையும் சேர்த்து மலேசியரின் பசியாறல் பழக்கம் என்று யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் கையின் திறமை தே ஹாலியாவில்தான் முழுசாகத் தெரியும். ஏனென்றால் இஞ்சி, பாலுக்கு விரோதி.

வீட்டில் நல்ல பசும்பாலில் இஞ்சியைப் போட்டு, பால் திரிந்து, கொட்டிவிட்டு வேறு பால் வைத்த அனுபவம் இங்கே எத்தனை பேருக்கு உண்டு? கை தூக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அன்றைக்குப் பால்காரர்மேல் பழி போட்டிருப்பீர்கள். பால் ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு ஒன்று தெரியும்: கித்தாப் பாலில் பார்மிக் அமிலம் ஊற்றினால் கட்டியாக உறையும், அப்புறம் அதை மிஷினில் விட்டு ஷீட் அடிப்போம். இஞ்சியும் மாட்டுப்பாலை அப்படி உறையவைக்கும், ஆனால் புளிப்பால் அல்ல. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டுகிற ஒரு நொதி இருக்கிறது. தயிருக்கு உறை போல் அல்லாமல், பாலாடைக் கட்டி செய்யப் போடுகிற பொருளைப் போல் அது வேலை செய்கிறது. பால் நல்ல சூடாக, ஆனால் கொதிக்காமல் இருக்கும்போது அதற்குக் கொண்டாட்டம். கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போட்டால் அது செத்துவிடும். அதனால்தான் முதலில் தண்ணீரும் இஞ்சியும். நன்றாகக் கொதித்த பிறகு தூள். அதற்குப் பிறகு பால். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டின் பாலுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏற்கெனவே காய்ச்சிச் சுண்டவைத்தது, அவ்வளவு லேசில் உறையாது. சுக்குக்கும் தொல்லை குறைவு, காயும்போதே நொதி பெரும்பாலும் போய்விடும்.

இதே திரிதலை நம் பக்கத்து வீட்டுக் கன்டோனியர்கள் பலகாரம் ஆக்கியிருக்கிறார்கள். பச்சை இஞ்சிச் சாற்றைக் கிண்ணத்தில் வைத்து, சூடான இனிப்புப் பாலை மேலிருந்து ஊற்றி, கை வைக்காமல் விட்டுவிடுவார்கள். சில நிமிடத்தில் கரண்டி வைத்தால் நிற்கிற பதத்துக்கு உறைந்துவிடும். குவாங்டோங் மாநிலத்துச் சமையல் அது. கன்டோனிஸ் பேசுகிற இந்த ஊருக்கு அந்நியம் இல்லை. டௌ ஃபூ ஃபா மேல் ஊற்றுகிற இஞ்சிப் பாகும் அந்தச் சமையலறையிலிருந்து வந்ததுதான். நமக்குத் திரிந்த பால், அவர்களுக்கு இனிப்பு. ஒரே தெருவில் இருந்துகொண்டு இவ்வளவு காலம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறோம்!

குருத்துவாராவையும் சொல்லாமல் விடக்கூடாது. பேராக்குக்குச் சீக்கியர்கள் போலீசாகவும் படையினராகவும் வந்தவர்கள். தைப்பிங்கில் 1896இல் மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் படை உருவானபோது அதில் பெரும்பாலோர் அவர்களே. மாடு வளர்த்துப் பால் ஊற்றியவர்களும் அவர்களில் உண்டு. ஈப்போ குருத்துவாராவில் யார் போனாலும் சாப்பாட்டோடு டீ கிடைக்கும்: முழுப்பாலில், ஏலமும் சோம்பும் மணக்க. பஞ்சாபி டீ நாம் போடுகிற டீயைவிடக் கெட்டி. ஒருமுறை போய்க் குடித்துப் பாருங்கள், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி.

தோட்டங்கள் போய்விட்டன. முதலில் துண்டுபோட்டு விற்றார்கள். அந்த நேரத்தில்தான் 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்க வழிசெய்தார். பிறகு கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இன்னும் சில இடங்களில் தாமான் எழும்பியது. ஜனங்கள் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தார்கள். கொல்லை போனது, கொல்லையோடு இஞ்சிப் பாத்தியும் போனது. பசியாறலை ஒட்டுக்கடையில் முடித்துக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுகிற வாழ்க்கை.

அந்த ஒட்டுக்கடைப் பால் டின்னை இன்றைக்கு எடுத்துப் படித்துப் பாருங்கள். பல டின்களில் ‘சூசூ’ என்று இருக்காது, ‘கிரிமெர்’ என்று இருக்கும். பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்தது. நம் அப்பா அம்மா வெட்டிய மரத்தைப் பிடுங்கிவிட்டு நட்டார்களே, அந்தச் செம்பனை, சுற்றிச் சுற்றி நம் டீ கிளாசுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதோடு சீனி. இனிப்பு டின் பாலில் ஏறத்தாழப் பாதி சீனிதான். கடையில் ஒரு கிளாஸ் தே தாரேக்கில் மூன்று நான்கு கரண்டிச் சீனிக்குக் குறையாது. விடியற்காலையிலிருந்து மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளி தூக்கி வந்தவருக்கு அந்தச் சீனி எரிந்துபோயிற்று. ஏர்கோன் போட்ட அறையில் உட்கார்ந்து கணினி தட்டுகிறவருக்கு எங்கே எரியும்? 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் நிற்பவர்கள் நாம். இதில் மட்டும் முதலிடம்.

அதனால் டீயை விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மசாலா டீ சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்தியைத் தூக்கிப் பிடிக்கவும் வரவில்லை; இலவங்கப்பட்டை தின்று யாருக்கும் நீரிழிவு போகாது, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் சொல்வது வேறு. மசாலா நன்றாக விழுந்த டீக்குச் சீனி குறைவாகப் போதும். ஏலமும் பட்டையும் மூக்கு வழியாக இனிப்பை நினைவூட்டுகின்றன, இஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. அம்மாக்கள் காசுக்காகத் தூளைக் குறைக்கச் செய்த காரியத்தை, நாம் உடம்புக்காகச் சீனியைக் குறைக்கச் செய்யலாம்.

டீ, கிரிமெர், சீனி மூன்றும் கலந்த பாக்கெட்டுத் தூள் இதற்கு உதவாது. பெட்டியின் பின்பக்கம், எது அதிகமோ அதுவே முதலில் அச்சாகியிருக்கும். முதலில் சீனி, அடுத்தது கிரிமெர், டீ மூன்றாவதாக, மசாலா எங்கேயோ கடைசியில். அதைச் சுடுதண்ணீரில் கரைத்துவிட்டு மசாலா டீ குடித்தேன் என்றால் எப்படி?

நான்கு பேருக்குப் போடுகிற கணக்கைச் சொல்கிறேன், அக்காமார்கள் திருத்தலாம். மூன்று கிளாஸ் தண்ணீர். கட்டைவிரல் நீளம் இஞ்சி, தட்டியது. பட்டை ஒரு சின்னத் துண்டு, கிராம்பு இரண்டு, மிளகு நாலைந்து. இவை கடினமான சரக்கு, கொதித்தால்தான் விட்டுக்கொடுக்கும். ஐந்து நிமிடம் மூடிக் கொதிக்கட்டும். கிராம்பு இரண்டுக்கு மேல் போகக்கூடாது, போனால் பல் டாக்டர் அறை வாசம் வரும். அங்கே போடுகிற மருந்தும் கிராம்பு எண்ணெயிலிருந்து வருகிறதுதான். பிறகு தூள் மூன்று கரண்டி, ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் கொதித்தால் கசப்புதான் மிச்சம். ஒரு கிளாஸ் பால் ஊற்றி, ஒரு பொங்கு பொங்கியதும் நான்கு ஏலக்காயை நசுக்கிப் போட்டு மூடி, அடுப்பை அணையுங்கள். ஏலத்தின் மணம் ஆவியோடு ஓடுகிற மணம். முதலிலேயே போட்டால் சமையற்கட்டு மணக்கும், டீ மணக்காது. பாலில் உள்ள கொழுப்பு அந்த மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீனி அவரவர் கோப்பையில்.

ஏலக்காய் விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்பது தெரியும். நம் ஏலமலைச் சரக்கு அது, போடிநாயக்கனூரில் ஏலம் போகிறது. இன்று உலகத்தில் அதிகம் விளைவிப்பது குவாத்தமாலா என்றால் நம்புவீர்களா? தோலை எறியாதீர்கள். தூள் டப்பாவுக்குள் போட்டு வையுங்கள், ஒரு மாதம் மணக்கும். அரைத்த மசாலாவை மொத்தமாக வாங்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் கட்டி தட்டி, வாசம் போய், மரத்தூள் மாதிரி ஆகிவிடும்.

விலை கட்டாதவர்களுக்கு இந்த மண்ணிலேயே மசாலா இருக்கிறது. செராய்த் தண்டை, அதாவது எலுமிச்சைப்புல்லை, நசுக்கி இஞ்சியோடு போடுங்கள். பண்டான் இலை ஒன்றை முடிச்சுப் போட்டுப் போடுங்கள். இரண்டும் அடுக்குமாடித் தாழ்வாரத்துச் சட்டியில் வளரும். பால் சேர்க்காமல் ‘தே ஓ’வாகக் குடித்தால் இன்னும் சுத்தமாகத் தெரியும். வடக்கத்திப் பெட்டியில் இந்தச் செய்முறை இருக்காது, பனிமலையில் செராய் வளராது. பேராக்குக்கு என்று ஒரு மசாலா டீ வேண்டுமானால் என் ஓட்டு இதற்குத்தான்.

குடிப்பது மட்டும்தானா? மீந்த மசாலா டீயை ஆறவைத்து, ஐஸ் கட்டி அச்சில் ஊற்றி வைத்துவிடுங்கள். ஈப்போ மத்தியான வெயிலில் குளிர்ந்த பாலில் இரண்டு கட்டி போட்டால் கடைக்குப் போக வேண்டாம். பால் சேர்க்காத கஷாயத்தில் கேழ்வரகுக் கஞ்சி கரைக்கலாம், பேரீச்சம்பழம் ஊறவைக்கலாம். பிசாங் கோரெங் மாவில் ஒரு சிட்டிகை ஏலமும் சுக்கும் போட்டுப் பாருங்கள், பிள்ளைகள் கேட்டு வாங்குவார்கள். கூடக் கொறிக்க என்ன என்று புந்தோங்கில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கச்சாங் பூத்தே போட்டுப் போட்டு ஒரு கம்பத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. கறிவேப்பிலை பொரித்துப் போட்ட கடலைக்கு இஞ்சி டீ மாதிரி ஒரு துணை கிடையாது. காரத்துக்குமேல் காரம், ஆனால் சண்டை போடாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை, அதிலும் இரத்தம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்களுக்கு. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை டீயின் துவர்ப்பு பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஒட்டவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தோட்டத்தில் நம் அம்மாக்கள் ரொட்டியும் தேத்தண்ணியுமே பசியாறலாக ஓடியவர்கள். அவர்கள் வெளுத்துப்போய் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். பெரிய காரணம் கூலிதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தாத்தா பாட்டி உயிரோடு இருந்தால், அவர்கள் தோட்டத்தில் எப்படித் தேத்தண்ணி போட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எந்தத் தோட்டம், கொல்லையில் என்ன இருந்தது, தூள் எந்தக் கடையில் வாங்கினார்கள், எழவு வீட்டில் யார் கெத்தல் வைத்தார்கள். கெமுனிங் தோட்டத்துக்காரர் ஒரு மாதிரி சொல்வார், பாகான் டத்தோக்காரர் வேறு மாதிரி சொல்வார். மசாலா டீக்கு இதுதான் சரியான முறை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் இப்போது சொன்ன கணக்கையும் சேர்த்துத்தான்.

மண்டபத்துப் பின்பக்கம் இரண்டு டிரம்மில் டீ வைத்திருக்கிறார்கள். இடதுபுறம் இருப்பது பாலும் ஏலமும் போட்டது, வலதுபுறம் செராய் இஞ்சி போட்ட ‘தே ஓ’. சீனியைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏற்பாட்டாளர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கச்சாங் பூத்தே பக்கத்துக் கம்பத்திலிருந்து வந்தது, அதற்கு மட்டும் வரிசையில் நில்லுங்கள். கேள்வி கேட்க நினைப்பவர்கள் கோப்பையோடு வாருங்கள், நான் வலதுபுற டிரம் பக்கம்தான் நிற்பேன்.